ரிம் பிரேக்கை ரசிப்பது எப்படி?

சைக்கிள் பிரியர்கள்கூட பிரேக்கை ரசிப்பதில்லை. பெயின்ட், கியர், சீட், பெல் வரைக்கும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தேனிப் பக்கத்தில் அப்படி நகர்ந்துவிட முடியாது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கோ பெரியாறு மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களை ஒட்டி ஏறும் பாதை. எதில் ஏறினாலும் இறங்கித்தானே ஆக வேண்டும்?

ரசனையைப் பழைய வண்டியில் தொடங்குங்கள். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து ஊர் ஊராக அனுப்பிய ஹெர்குலிஸ் மாதிரியான 28 அங்குல வண்டி. கம்பம் பள்ளத்தாக்கில் புல்லுக்கட்டும் வாழைத்தாரும் சுமந்தபடி இன்னும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒயர் கிடையாது, ராடு பிரேக். லிவரை அழுத்தினால் கம்பி மேலே இழுபடும். சக்கரத்தைக் கவ்வியிருக்கும் லாடம் போன்ற இரும்பு உயரும். அதன் இரு முனையிலும் உள்ள பிரேக் கட்டைகள் ரிம்மின் உள்முகத்தில், அதாவது போக்ஸ் கம்பிகள் இருக்கும் பக்கத்தில், போய் அமரும். சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் கோட்டமாக இருந்தாலும் இந்த பிரேக் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. கரடுமுரடான பாதையில் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு இதைவிடப் பொருத்தமாக யோசித்திருக்க முடியாது என்பது என் கட்சி.

வண்டியை நிறுத்தி வைத்து லிவரை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதலில் லிவரின் ஆட்டம் தீர வேண்டும். பிறகு ராடின் ஒவ்வொரு மூட்டும் தன் ஆட்டத்தைத் தீர்த்துக்கொள்ளும். அதற்கெல்லாம் அப்புறம்தான் கட்டை ரிம்மைத் தொடும். அணையில் திறந்த தண்ணீரை வாய்க்கால் குடித்தது போக மீதிதான் கடைமடைக்கு வந்து சேர்கிறது. உங்கள் விரலின் பலத்துக்கும் அதே கதிதான். பலம் எந்தெந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த ரசனையின் பாதி.

அடுத்து ஒயர் வைத்த பிரேக்குக்கு வாருங்கள். லிவரை அழுத்தும்போது ஒயரின் மேலுறை புழு மாதிரி நெளிகிறதா? அங்கே ஒரு கசிவு. கேலிப்பர் கைகள் மெலிந்து வளைகின்றனவா? அது இன்னொன்று. 1996இல் ஷிமானோ நிறுவனம் கொண்டுவந்த வி-பிரேக்கில் கைகள் நீளம், நெம்புபலம் அதிகம். ஆனால் அதற்கென்று செய்த, ஒயரைக் கூடுதலாக இழுக்கும் லிவர் வேண்டும். பழைய லிவரோடு பூட்டினால் லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டாலும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். இனி சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு, நண்பர் ஒருவரை பின் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தச் சொல்லுங்கள். சீட்டுக்குக் கீழே இறங்கும் இரண்டு குழாய்களும் மயிரிழை அளவு விரிவதைப் பார்க்கலாம். இரும்பு வளைகிறது! உங்கள் பலத்தில் ஒரு பங்கு சக்கரத்தைப் பிடிக்காமல் பிரேமை விரிக்கப் போய்விட்டது. இதை ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு எந்த சைக்கிளைப் பார்த்தாலும் கண் அங்கேதான் போகும்.

இந்தக் கசிவுகளை எல்லாம் வெறியோடு அடைத்துக் காட்டுவது ட்ரையல்ஸ் சைக்கிள். சீட்டே இல்லாத, அல்லது பேருக்குச் சீட்டு வைத்த வண்டியில், தரையில் கால் படாமல் பாறைமீதும் மரக்கட்டைமீதும் தாவும் விளையாட்டு அது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் பெரே பி என்ற மோட்டார் சைக்கிள் வீரர், தன் மகன் ஓட் பி பழகுவதற்காக வடிவமைத்த சிறு சைக்கிளிலிருந்து வளர்ந்தது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 1986 முதல் உலகப் போட்டி நடத்துகிறது. பின் சக்கரம் ஒன்றை மட்டும் பாறை விளிம்பில் ஊன்றி, வண்டியை நிமிர்த்திப் பிடித்து, அடுத்த தாவலுக்கு அளவெடுப்பார்கள். அந்த நேரத்தில் சக்கரம் ஒரு விரற்கடை உருண்டாலும் ஆள் கீழே. அதுவும் ஒற்றை விரலால் பிடிக்க வேண்டும். மற்ற விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும்.

எனவே அவர்கள் செய்கிற காரியங்கள் விசித்திரமானவை. பிரேம் விரியாமல் இருக்க பிரேக்கின் இரண்டு பக்கங்களையும் இணைத்து மேலே ஒரு வளைவுப் பட்டை போடுவார்கள். ஒயரை எடுத்துவிட்டு மகுரா நிறுவனத்தின் பிரேக் மாதிரி எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ரிம் பிரேக் வைப்பார்கள். சிலர் அந்த எண்ணெயையும் வடித்துவிட்டு, லிவர் இலகுவாக ஓடட்டும் என்று தண்ணீர் ஊற்றுவதுண்டு. கட்டையின் முதுகுக்கு வளையாத உலோகம். உச்சகட்டமாக, புது அலுமினிய ரிம்மின் பக்கவாட்டை கிரைண்டர் போட்டுச் சொரசொரப்பாக்குவார்கள். அல்லது வழவழப்பான ரிம்மில் துளி தாரைத் தேய்ப்பார்கள். நம் ஊர் சைக்கிள் கடை அண்ணனிடம் போய், “அண்ணே, ரிம்முல கிரைண்டர் போட்டுத் தாங்க” என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

இவ்வளவு பாடுபடாமல் டிஸ்க் பிரேக் போடலாமே? பலர் போடுகிறார்கள்தான். ஆனால் 26 அங்குலச் சக்கரத்தில் ரிம்மின் விட்டம் சுமார் 559 மில்லிமீட்டர், டிஸ்க்கின் விட்டம் பொதுவாக 160. சக்கரத்தின் மையத்திலிருந்து அவ்வளவு தள்ளிப் பிடிப்பதால், ரிம்மில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு குறைந்த உராய்வு விசை போதும். டிஸ்க், நடு ஹப்பைப் பிடித்து, போக்ஸ் கம்பிகள் வழியாக ரிம்மை நிறுத்துகிறது. ரிம் பிரேக்குக்கு அந்தச் சுற்றுவழி இல்லை. பிடித்த இடமே நின்ற இடம்.

ட்ரையல்ஸ் வீடியோ பார்க்கும்போது பின்னணி இசை இல்லாததாகத் தேடுங்கள். கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. கிரைண்டர் போட்ட ரிம்மில் கட்டை உட்காரும்போது சுருக்கமாக ஒரு கிறீச். விடும்போது சத்தமே இருக்காது. ஒவ்வொரு குதிப்பிலும் பிடி, விடு, பிடி. நல்ல ஆட்டக்காரரிடம் கிறீச் நீளவே நீளாது. நீண்டால் சக்கரம் நழுவுகிறது என்று அர்த்தம்.

இதைப் பார்த்துவிட்டு யாரும் அந்த ரிம்மோடு போடிமெட்டு ஏறிவிடக் கூடாது. ட்ரையல்ஸில் சக்கரம் உருளவே கூடாது, மலை இறக்கத்தில் உருண்டுகொண்டேதான் வேகம் குறைய வேண்டும். சொரசொரப்பான ரிம் மலைப்பாதையில் கட்டையை அரம் போல ராவித் தீர்த்துவிடும். தவிர, சூடு இருக்கிறது. ஆளும் வண்டியுமாக 80 கிலோ, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 784 கிலோஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கொஞ்சம் காற்றோடு போகும், மீதி பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் இறங்கும். ஒரே பிடியாக அழுத்திக்கொண்டு வந்தால் ரிம் கொதித்து டியூபையும் பதம் பார்க்கும். வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையில் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு விட்டு, ரிம் காற்று வாங்கட்டும். இந்தத் தாளம் கைவந்தவர் இறங்குவதைப் பின்னாலிருந்து பார்ப்பது தனி சுகம்.

சாரல் காலத்தில் கணக்கே வேறு. குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். அலுமினியம் பரவாயில்லை, என்றாலும் முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதிலேயே போகும். வளைவுக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டுத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் பிடிக்கவில்லை என்றதும் கட்டையை மாற்ற ஓடாதீர்கள். ரிம்மை எண்ணெய் படாத துணியால் துடையுங்கள். கட்டையின் முகம் பளபளவென்று இறுகியிருந்தால் உப்புத்தாளில் நாலு தேய் தேயுங்கள். அதில் பதிந்த உலோகத் துணுக்குகளை ஊசியால் நெம்பி எடுங்கள். ஒயர் வைத்த வண்டி என்றால் சக்கரத்தின் கோட்டத்தை எடுக்கச் சொல்லுங்கள், பிறகு கட்டையை ரிம்முக்கு நெருக்கி வைக்கலாம். ஒயரையும் மேலுறையையும் மாற்றுவது கடைசியாக, ஆனால் பல வண்டிகளில் பெரிய வித்தியாசம் அங்கேதான் தெரியும். இவ்வளவும் செய்த பிறகு முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னால் தள்ளுங்கள். பின் சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். முன் சக்கரம் உருண்டுகொண்டே வந்தால் அன்றைக்குப் போடியைச் சுற்றியே ஓட்டுங்கள், மெட்டுக்கு ஏறாதீர்கள்.