யாரைக் கேட்டுப் பெயர் வைப்பது?

பூங்காவுக்குப் பெயர் வைப்பதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நண்பர் கேட்டார். சின்ன விஷயம்தான். ஆனால் அதிகாரம் ரொம்பச் சாதுவாக வந்து நம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான்.

எங்கள் பகுதியில் புதிதாகப் பூங்கா ஒன்று அமைத்தார்கள். அதற்குப் பெயர் சொல்லக் 'குடியிருப்போர்' அழைக்கப்பட்டார்கள். மேலேயிருந்து ஒரு தலைவரின் பெயர் வந்து இறங்காமல் ஜனங்களைக் கேட்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். ஞாயிறு காலைக் கூட்டம். வந்தவர்களில் பாதிக்குமேல் ஓய்வுபெற்ற ஆண்கள். பெயரை எழுதிப் போட ஒரு பெட்டி. சீட்டில் சொத்துவரி எண்ணைக் குறிப்பிட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையிலேயே 'குடியிருப்போர்' யார் என்பது தீர்மானமாகிவிட்டது. வாடகைக்கு இருப்பவர் இல்லை, வீட்டுவேலைக்கு வருகிறவர் இல்லை, நாளைக்கு அதே பூங்காவைப் பெருக்கப்போகிறவரும் இல்லை.

மக்கள் பெயரால் மக்களை வெளியே நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. சென்னையில் டிரெவிலியன் கவர்னராக இருந்தபோது (1859-60) நூறு ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை ஒதுக்கி 'பீப்பிள்ஸ் பார்க்' என்று பெயரிட்டார்கள். எந்த மக்களும் அப்படியொரு பெயரைக் கேட்டதாகத் தெரியவில்லை. பின்னால் அந்த நிலத்தில் மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக எழும்ப, பூங்கா சுருங்கிப்போனது. ஜனங்களோ தங்கள் பாட்டுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்த மிருகக்காட்சிசாலை அவர்களுக்கு 'உயிர் காலேஜ்'. எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. எந்தக் கமிட்டியும் கூடித் தீர்மானித்த பெயர்கள் அல்ல இவை. 1985இல் மிருகங்கள் வண்டலூருக்குப் போன பிறகும் பழைய ஆட்களின் வாயில் அந்தப் பெயர் இருந்தது.

கூட்டத்தில் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். பூங்கா அமைந்த இடம் ஒருகாலத்தில் துணி வெளுக்கும் குட்டை. வயதானவர்கள் இன்றும் 'வண்ணாந்துறை' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரையே வைக்க வேண்டும், அதுதான் உழைக்கும் மக்களின் நினைவு, அதை அழிப்பது வன்முறை என்று பேசினேன். 'கேக்கவே நல்லா இல்ல சார்' என்றார் முன்வரிசையில் ஒருவர். எதிர்பார்த்ததுதான். ஆனால் வாசலோரம் நின்றிருந்த, எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை: 'அந்தப் பேரச் சொல்லி எங்களக் கூப்ட்டது போதும் தம்பி. பேரு வேணாம். ஆனா இங்க நாங்க வெளுத்தோம்னு எங்கயாச்சும் எழுதி வையுங்க.'

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே பெயரைத்தான் வேண்டாம் என்றார்கள். முன்வரிசைக்காரருக்கு அந்த வரலாறே வேண்டாம். அந்த அம்மாவுக்கு வரலாறு வேண்டும், இழிவு வேண்டாம். பெட்டியில் போட்டு எண்ணினால் இரண்டும் ஒரே கணக்கில் விழும். நானோ அவர் சுமந்த வசவை 'நினைவு' என்று பெயர்மாற்றி அவருக்கே திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். விளிம்பு பற்றிப் பேசுகிற நாம் விளிம்பில் நிற்பவரைக் கேட்காமலேயே அவருக்காகப் பேசிவிடுகிறோம்.

பெரும்பான்மை என்ன செய்யும் என்பதற்கு 1997ஐ நினைத்துப் பார்க்கலாம். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, ஒரு தலித் வீரனின் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தது. பார்வைக்கு இது நடுநிலை. யாருடைய கோபம் ஜெயித்தது என்று கேட்டால் அந்த நடுநிலை கலைந்துவிடும். அன்று அங்கே பெட்டி வைத்துக் கேட்டிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும்.

2025 அக்டோபரில் ஊர், தெருப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்கத் தமிழக அரசு ஆணையிட்டது. மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எடுக்க வேண்டியதுதான். ஆனால் பெயர்ப் பலகையைக் கழற்றும்போது அதற்குப் பின்னாலிருந்த உழைப்பையும் சேர்த்துக் கழற்றிவிடக் கூடாது.

ஆகவே, மக்களைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கும் விதத்தைக் கேள்விக்குள்ளாக்க வேண்டும் என்கிறேன். சுவர் எழுப்பி, கேட் போட்டு, நேரம் குறித்த பிறகு மிச்சமிருக்கிற பெயரை மட்டும் ஜனங்களிடம் தள்ளுவது பங்கேற்பு ஆகாது. வரி ரசீது இல்லாதவரையும், அந்த இடத்தில் முன்பு பிழைத்தவரையும் அழைக்க வேண்டும். பெயர்களை மட்டும் வாங்கினால் போதாது. ஏன் வேண்டும், ஏன் வேண்டாம் என்ற காரணங்களையும் எழுதி வைத்து, எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். பெயரை வோட்டுப் போட்டுத் தீர்மானிக்கலாம். காரணத்தைக் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் பூங்காவுக்கு ஒரு பூவின் பெயர் தேர்வானது. யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இஸ்திரி வண்டி அம்மாவிடம் சீட்டு இல்லாததால் அவர் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்தில் அதை ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இந்த முறை அவரிடம் கேட்டுக்கொண்டு.