வலியிழந்த யானை

குறிஞ்சிக்குரிய விலங்குகளுள் ஒன்று யானை. பாலைக்குரியது வலியிழந்த யானை. வகுப்பறைக் குறிப்புகள் இவ்வாறு வரிசையிடுகின்றன. மாணாக்கரும் இரு வேறு விலங்குகளைப் போல அவற்றை ஒப்பித்து விடுகின்றனர். வரிசையில் பிழையில்லை. அதனோடு நின்றுவிடும் விளக்கத்தில்தான் குறை இருக்கிறது. அது காலத்தை விட்டுவிடுகிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மதங்கொண்ட களிறு தினைப்புனம் காக்கும் மகளிரை நோக்கி வருகிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் களிறோ, குறுந்தொகை 37ஆம் பாட்டில் யா மரத்தின் பட்டையைப் பிளந்து பிடியின் பசியைப் போக்குகிறது. கலித்தொகை 11ஆம் பாட்டில், கன்று கலக்கிய சிறிதளவு நீரையும் பிடிக்கு ஊட்டிய பிறகே தான் பருகுகிறது. குறுந்தொகைத் தோழி அக்காட்சியைக் காட்டியே தலைவியைத் தேற்றுகிறாள். நலிந்து விழுந்த விலங்கைக் காட்டி யாரைத் தேற்ற முடியும்? ‘வலியிழந்த’ என்ற அடையை அவ்வளவில் பொருள் கொண்டால் பாட்டே சரிந்துவிடும்.

முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்தே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. நிலம் ஒன்று, பருவம் வேறு. யானையும் ஒன்றே. 1981 முதல் 1983 வரை சத்தியமங்கலம், சாமராசநகர்க் காடுகளில் யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த இரா. சுகுமார் கண்டதும் இதுதான். வறண்ட மாதங்களில் அவை நீருள்ள பள்ளத்தாக்குகளில் திரண்டு தழையும் பட்டையும் தின்றன. மழை வந்ததும் இளம்புல்லை நாடிப் பரவின.

ரிங்லெட்டின் தேயிலைச் சரிவைக் காட்டிக் குறிஞ்சியைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இங்கே ஓர் இடர் உண்டு. பாலையாகத் திரியும் வேனில் அந்த மலையில் இல்லை; தேயிலை யானைக்கு உணவும் அன்று. தினைப்புனத்துக்குத் தேயிலைத் தோட்டம் ஈடாகாது. ஆயினும் தீபகற்ப மலேசியாவிலும் போர்னியோவிலும் நூற்றுக்கு மேற்பட்ட யானைகளின் கழுத்தில் இடங்காட்டும் கருவி பூட்டிச் செய்த ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. காப்புக்காட்டின் நடுவைவிட அதன் விளிம்பையும், மரம் வெட்டப்பட்டு மீண்டும் தழைக்கும் இடங்களையுமே அவை மிகுதியாக நாடின. குறிஞ்சிப் பாடல்களின் புனமும் அடர்காடன்று. காட்டை வெட்டி எரித்து விதைத்த இடம். புலவர் களிற்றை அங்கே நிறுத்தியது வெறும் கற்பனையன்று. வேலிதாண்டி வந்த பகையென்று மட்டும் அதற்கு உரை கூறுவோர், காட்டை வெட்டியவர் யாரென்பதைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றனர்.

கருப்பொருளைக் கற்பிக்கையில் பெரும்பொழுதையும் அருகில் வைத்தால், அந்த அடை வேனிலைச் சுட்டுவது புலப்படும். மாணாக்கர் மனப்பாடம் செய்யும் விலங்குகளில் ஒன்றும் குறையும்.