உடைப்பும் உத்தரவும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்திலிருந்து விலகியிருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டமும் அந்த மழைக்குத் தப்பவில்லை. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. நைனார்பாளையம் உள்ளிட்ட சின்னசேலம் வட்டாரத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்டவர்களுக்கு ஏரிக்கரையும் ஓடைக்கரையும்தான் காப்பு. கரை அரித்துப் போனால் அதைச் சரிசெய்ய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், அந்த முறை சரியாக இருக்கிறதா என்பதைத்தான் இங்கே எடைபோட வேண்டும்.

உடைப்பை அடைப்பது மண்ணைக் கொட்டி மூடும் வேலை அல்ல. உடைந்த இடத்தின் இரு பக்கமும் படிப்படியாக வெட்ட வேண்டும். சேற்றையும் வேரையும் களைய வேண்டும். களிப்பான மண்ணை மெல்லிய அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்கி, அதன் பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். பழைய கரையும் புதிய மண்ணும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாவிட்டால் அடுத்த மழையில் அதே இடம் கசியும். இதற்கெல்லாம் மண் வேண்டும். மண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடுதான் அனுமதியும் வருகிறது.

அனுமதி முறையின் பலத்தை முதலில் சொல்லியாக வேண்டும். மராமத்து என்ற பெயரில் ஆற்றையே அள்ளிச் செல்ல முடியும் என்பதை நாம் அறிவோம். வண்டல் எடுக்கும் விதிகள் நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு வைத்திருப்பது அதனால்தான். 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு, சாலை, குழாய்ப்பாதை போன்ற பணிகளுக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டாம் என்று விலக்கு அளித்தது. எவ்வளவு மண், எந்த இடம் என்ற வரம்பே அதில் இல்லை. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. வரம்பில்லாத விலக்கு, கொள்ளைக்குத் திறந்த மடை என்பதால் அந்தத் தீர்ப்பு சரியானது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பராமரிப்புக்காகவும் பேரிடர் மேலாண்மைக்காகவும் ஆறு, கால்வாய்களைத் தூர்வாருவதற்கும், வெள்ளம் வயலில் கொட்டிய மணலை விவசாயி அகற்றுவதற்கும் ஒன்றிய அரசின் அறிவிக்கையே விலக்கு தந்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கு சுற்றுச்சூழல் அனுமதிக்கு மட்டும்தான். ஏரி யாருடையது, மண் யாருடையது என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் ஏரி நீர்வளத் துறையுடையது. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. மண் கனிம விதிகளுக்குள் வருகிறது. மலைக்குப் போனால் வனத்துறையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கரை உடைந்தால் விவசாயி இத்தனை வாசல்களைப் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் வண்டல் அனுமதி வழங்கும் அதிகாரம் ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது நல்ல மாற்றம். வாசல் அருகில் வந்தது உண்மை. வாசல்களின் எண்ணிக்கை குறையவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. நம் முறையின் கவனம் முழுவதும் வேலைக்கு முன்னால் இருக்கிறது. கரை பழைய உயரத்துக்கு வந்ததா, வாய்க்கால் குறுகியதா, மண் எடுத்த குழி எவ்வளவு ஆழம் என்று பின்னால் வந்து அளப்பது அதே அளவுக்குக் கட்டாயமாகவில்லை. அவசரக்காரனை முன்கூட்டியே தடுப்பதும், அளவு மீறியவனைப் பின்னால் விட்டுவிடுவதும் ஒரே முறையின் இரண்டு பிழைகள்.

இந்தப் பிழைகளுக்கு மாற்று வழி உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2011இல் ஐரீன் புயல் வெள்ளத்துக்குப் பிறகு இயந்திரங்கள் ஆற்றுக்குள் இறங்கித் தேவைக்கு மேல் தோண்டின. ஆறுகள் அதில் காயப்பட்டதால் அந்த மாநிலம் விதிகளை இறுக்கியது. அங்கே அவசர வேலைக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆனால் உள்ளாட்சி ஒப்புக்கொள்ள வேண்டும், ஆபத்தை நீக்கத் தேவையான குறைந்த அளவே செய்ய வேண்டும், அரசுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

ஊரின் ஒப்புதலோடு உடனே வேலையில் இறங்கும் இந்த வழி நமக்குப் புதிதல்ல. உடைப்பு காத்திருக்காது என்பதை 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டமே ஒப்புக்கொண்டு, கரை காக்க ஊரை அழைத்தது. அந்தக் கட்டாயம் இன்று வேண்டாம். ஊருக்கு அதில் இருந்த பொறுப்பு வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006, கல்வராயன் மலைக்கு ஒரு வழி காட்டுகிறது. சாலை, சிறு பாசன வாய்க்கால் போன்ற வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபையின் பரிந்துரையோடு தரலாம் என்கிறது அது. அளவும் இருக்கிறது, ஊரின் குரலும் இருக்கிறது.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உடைந்ததைப் பழைய அளவுக்கே கொண்டுவருவது ஒன்று. அதை ஊராட்சியின் ஒப்புதலோடு உடனே தொடங்கலாம். முன்னும் பின்னும் படம் எடுத்து, அளவு எழுதி, குறித்த நாளுக்குள் ஒரே அலுவலகத்தில் தெரிவித்தால் போதும். ஆழப்படுத்துவது, நேராக்குவது, சுவர் கட்டி ஓடையைக் குறுக்குவது மற்றொன்று. அதற்கு முழு அனுமதி கட்டாயம்; புயலைக் காட்டிக்கூடத் தளர்த்தக் கூடாது.

மண் எடுக்கும் இடத்தையும் மழைக்கு முன்பே குறித்துவிடலாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எந்தக் கரை பலவீனம், எங்கிருந்து எவ்வளவு மண் என்று தீர்மானம் போடுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அதற்கு ஒப்புதல் வந்ததா என்று கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அதன் பிறகுதான்.