கேட்கும் முகம்

நடிகை லிவ் உல்மனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இயக்குநர் இங்மார் பெர்க்மனில் தொடங்கி பெர்க்மனிலேயே முடித்துவிடுகிறார்கள். ஸ்வீடன் நாட்டு மேதை கண்டெடுத்து, வார்த்து, உலகுக்குக் கொடுத்த நார்வே முகம் என்பது அவர்மீது ஒட்டிக்கொண்ட அடையாளம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அவருக்குச் சேர வேண்டிய கணக்கு.

1938-இல் டோக்கியோவில் பிறந்து, போர்க்காலத்தில் கனடா போய், தந்தையை இழந்து, ட்ரோண்ட்ஹெய்மில் வளர்ந்தவர். ஸ்டவாங்கர் நகர நாடக மேடையில் ஆன் ஃபிராங்காக நடித்துத் தேர்ந்தவர். 'பெர்சோனா' படப்பிடிப்புக்காக 1965-இல் ஃபோரோ தீவுக்குப் போனபோது வயது 26. கைக்குத் தொழில் வந்துவிட்ட ஒரு மேடை நடிகையைத்தான் பெர்க்மன் அழைத்துப் போனார்.

அந்தப் படத்தில் அவர் எலிசபெத், பேசுவதையே விட்டுவிட்ட ஒரு நடிகை. பேச்செல்லாம் செவிலி ஆல்மாவாக வரும் பிபி ஆண்டர்சனுக்கு. பிற்பகுதியில், எலிசபெத் தன் பிள்ளையை எப்படி வெறுத்தாள் என்பதை ஆல்மா அவளிடமே சொல்கிறாள். பெர்க்மன் அந்தப் பேச்சை இருமுறை காட்டுகிறார். முதல் முறை கேமரா பார்ப்பது கேட்பவளின் முகத்தை, இரண்டாம் முறை பேசுபவளின் முகத்தை. வார்த்தைகள் ஒன்றே. ஆனால் முதல் முறைதான் நெஞ்சு பதறுகிறது. தலையில் கறுப்புப் பட்டை, அசையாத கழுத்து. ஒவ்வொரு சொல்லும் தன்மேல் விழுவதை உல்மன் தடுக்கவுமில்லை, ஏற்றுக்கொண்டதாகக் காட்டவுமில்லை. பெர்க்மன் அந்த முகத்துக்கு அருகே போனார், சரி. ஆனால் அங்கே நடப்பதை நடத்துகிறவர் உல்மன்.

அவர் கலையின் வேர் கேட்பதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. 'ஆட்டம் சொனாட்டா' (1978) இதற்கு இன்னொரு சாட்சி. கண்ணாடி போட்ட மகள் ஈவா (உல்மன்), ஷோப்பானின் சிறு பிரெலூட் ஒன்றைத் தட்டுத்தடுமாறி வாசித்து முடிக்கிறாள். பிறகு புகழ்பெற்ற பியானோ கலைஞரான அம்மா அதையே வாசித்துக் காட்டுகிறாள். அம்மாவாக இங்ரிட் பெர்க்மன். சட்டத்துக்குள் இரண்டு முகங்கள். அம்மாவின் முகத்தை விட்டு மகள் கண்ணெடுக்கவில்லை. வியப்பு, ஏக்கம், அவமானம், பழைய கோபம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மகளின் முகத்தில் படிகின்றன. பின்னிரவில் வரும் நீண்ட சண்டையை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கோ சண்டை அந்தப் பியானோ அருகிலேயே முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

இங்மார் பெர்க்மன் இல்லாவிட்டால்? யான் ட்ரோயலின் 'தி எமிக்ரண்ட்ஸ்' (1971) பதில் சொல்கிறது. ஸ்வீடனின் கல் நிறைந்த நிலத்திலிருந்து மினசோட்டாவுக்குப் பெயரும் விவசாயி மனைவி கிறிஸ்டினாவாக உல்மன். மனத்தத்துவம் பேசும் வசனங்கள் இல்லை. பசி, பிரசவம், கப்பல், பேன், குளிர் இவைதான். அடுத்த படமான 'தி நியூ லேண்ட்'-ஐயும் சேர்த்துப் பார்த்தால், அடுத்தடுத்த கர்ப்பங்களால் ஒரு பெண் தேய்வதை நடை, முதுகு, கைகள் வழியே காட்டியிருப்பது தெரியும். முகம் மட்டுமே அவருடைய முதல் என்பவர்கள் இந்த முதுகைப் பார்க்க வேண்டும்.

சறுக்கல்களும் உண்டு. 1973-இல் ஹாலிவுட் அவரை 'லாஸ்ட் ஹொரைசன்' என்ற இசைப்படத்திலும் '40 கேரட்ஸ்' என்ற நகைச்சுவையிலும் போட்டது. இரண்டிலும் அவர் பொருந்தவில்லை. படங்களின் குற்றம் பாதி. லேசாகத் தொட்டு விலகும் கலை அவர் கைக்கு வராதது மறுபாதி. 'ஃபேஸ் டு ஃபேஸ்' (1976) ஆஸ்கர் பரிந்துரை பெற்றது, பலர் அதைச் சிகரம் என்கிறார்கள். நான் உடன்படவில்லை. நிலைகுலையும் மனநல மருத்துவராக அவர் அழுகிறார், அலறுகிறார். எதிரே எர்லாண்ட் யோசப்சன் அமைதியாகக் கேட்கிறார். இடம் மாறிப்போயிற்று. உழைப்பு பிரமிக்க வைக்கிறது, ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிறது.

இயக்குநராகவும் இதே அளவுகோல்தான். பெர்க்மன் எழுதிய 'ஃபெய்த்லெஸ்' (2000) முழுக்க ஒரு பெண் சொல்ல ஒரு கிழவர் கேட்கும் அமைப்பு. பெரியவர்களின் துரோகத்துக்கு நடுவே நிற்கும் சிறுமியை உல்மன் ஒரு கணமும் மறக்கவில்லை. படம் நிற்பது அதனால்தான். 'மிஸ் ஜூலி' (2014) மேடையை விட்டு இறங்கவே இல்லை. ஜெசிகா சாஸ்டெய்ன் போன்ற நடிகை இருந்தும், மூன்று பேரும் அவரவர் உச்சத்தில் பேசுகிறார்களே தவிர ஒருவர் பேச்சை மற்றவர் கேட்பதாகத் தெரியவில்லை.

2022-இல் ஆஸ்கர் அமைப்பு அவருக்குக் கௌரவ விருது தந்தது. பெரிய நடிகை என்பதில் ஐயமில்லை. எதையும் செய்யக்கூடிய நடிகை அல்ல. அவருடைய எல்லை குறுகியது, அதற்குள் அவர் போன ஆழத்துக்குத் திரையில் வேறு யாரும் போனதாக எனக்குத் தெரியவில்லை. பெர்க்மனுக்கும் இது தெரிந்திருந்தது. அவருடைய கடைசிப் படமான 'சாராபாண்ட்'-இல் (2003) மரியான் என்ற பாத்திரமாக உல்மன் வந்து, முன்னாள் கணவர், அவர் மகன், பேத்தி என ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்கிறார். முடிவில் மருத்துவ இல்லத்தில் இருக்கும் தன் சொந்த மகளைப் பார்க்கப் போகிறார். அந்தப் பெண் எதுவும் பேசுவதில்லை. மரியான் அவள் முகத்தில் கை வைக்கிறார்.