கட்டுவதோடு நிற்கும் கருவி

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியின் லினக்ஸ் சர்வர்களில் இன்றும் புழங்கும் ‘டார்’ கட்டளை, 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு காந்த நாடாவுக்காக வந்தது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்வதே அதன் அழகு. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் பெயர், உரிமையாளர், அனுமதி, நேரம் பொறித்த 512 பைட் தலைப்பு; பிறகு உள்ளடக்கம். அவ்வளவுதான். சுருக்கும் வேலையை வேறொன்றிடம் விட்டதால்தான் 1992-இல் வந்த ஜிஸிப்போடும், பின்னர் வந்த எக்ஸ்இசட்டோடும் அதனால் இசைய முடிந்தது. கட்டிலிருந்து ஒரு கோப்பை மட்டும் உருவி எடுக்க ‘ஜிப்’ வசதி என்பார்கள். உண்மைதான், அதில் அட்டவணை உண்டு, டாரில் இல்லை. ஆனால் ஜிப் கோப்புகளைத் தனித்தனியே சுருக்குகிறது. ஒன்றுபோல் இருக்கும் நூறு சிறு கோப்புகளோ சேர்த்துக் கட்டிச் சுருக்கினால்தான் நன்றாக ஒடுங்கும். டாரோடு தட்டவேண்டிய எழுத்துகள் நினைவில் நிற்காதா? சி கட்டும், எக்ஸ் பிரிக்கும், டி (t) உள்ளிருப்பதைக் காட்டும். அறியாதவர் தந்த கட்டைப் பிரிக்குமுன் டி போட்டுப் பாருங்கள்.