லாம்டாவைத் திருகினால் மாதவர்

பை என்ற எண்ணுக்குச் சூத்திரங்கள் ஏராளம். அவற்றுள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அர்ணப் பிரியா சாஹாவும் அனிந்தா சின்ஹாவும் 2024இல் வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் பையைத் தேடிப் போகவில்லை. இழைக் கோட்பாட்டில் துகள்கள் மோதிச் சிதறுவதைக் கணக்கிட நல்ல வழி தேடினார்கள். பை தானாக வந்து நின்றது.

அந்தச் சூத்திரத்தில் லாம்டா என்றொரு எண், ரேடியோவின் திருகைப் போல. எங்கே திருப்பி வைத்தாலும் கூட்டுத்தொகை பைதான். அதை எட்டும் வேகம்தான் மாறும். லாம்டாவை முடிவிலிவரை கொண்டுபோனால் 4 கழித்தல் 4/3 கூட்டல் 4/5 என்று நீள்கிறது. அட, இது 14ஆம் நூற்றாண்டுக் கேரளத்து மாதவரின் தொடர்! அழகானது, ஆனால் மகா நிதானம். பத்து தசம இடங்களுக்குச் சுமார் 500 கோடி உறுப்புகளைக் கூட்ட வேண்டும். லாம்டா 10க்கும் 100க்கும் இடையில் இருந்தால் 30 உறுப்புகளே போதும்.

சூத்திரங்களைத் தேடியே போனவர்களும் உண்டு. இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் நம் ஈரோட்டில் பிறந்த கணித மேதையின் பெயரிலேயே ‘ராமானுஜன் இயந்திரம்’ என்ற கணினி நிரலைச் செய்து 2021இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த நிரல் தொடர் பின்னங்களைக் கணக்கிட்டுத் தள்ளி, எதன் இலக்கங்கள் பையோடு பொருந்துகின்றன என்று பார்க்கும். பொருந்தினால் ஓர் அனுமானம் கிடைக்கும். நிரூபணம் தனி வேலை. அந்தத் தேடலையும் மெச்சுகிறேன். ஆனாலும், ஏன் பொருந்துகிறது என்பதையும் சேர்த்தே சொல்லும் பெங்களூருச் சூத்திரத்துக்குத்தான் என் ஓட்டு.