கொடியின் துணி

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை மூவர்ணக் கொடியை ஏற்றுக்கொண்டபோது, காங்கிரஸ் கொடியின் நடுவில் இருந்த ராட்டை போய் அசோகச் சக்கரம் வந்தது. ஆனாலும் கொடித்துணி கையால் நூற்று, கையால் நெய்த கதராக இருக்க வேண்டும் என்ற விதி நீடித்தது. படத்திலிருந்து போன ராட்டை இழையில் தங்கிவிட்டது. நிறத்தோடும் அளவோடும் நில்லாமல், உழைக்கும் கைகளையும் கொடிக்குள் சேர்த்த விதி அது. இந்தியாவின் தேசியச் சின்னங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

2021 டிசம்பர் 30-இல் வந்த திருத்தம், இயந்திரத்தில் செய்த துணியையும் பாலியஸ்டரையும் அனுமதித்தது. அடுத்த ஆண்டே 20 கோடி வீடுகளில் கொடியேற்றும் இயக்கம் அறிவிக்கப்பட்டது.

திருத்தத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2002-இல் புதிய கொடி விதிகள் வரும்வரை, சாதாரணக் குடிமக்கள் நினைத்த நாளில் தங்கள் வீட்டில் கொடியேற்ற முடியாது. கொடியை மரியாதையோடு பறக்கவிடுவது கருத்துரிமையில் அடங்கும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை கிடைத்தாலும், விலை எட்டவில்லையென்றால் கூலித் தொழிலாளி வீட்டில் கொடி எப்படிப் பறக்கும்? கர்நாடகத்தின் ஹூப்ளியை ஒட்டிய பெங்கேரியில் உள்ள கதர்க்கூடம் தரச்சான்று பெற்றுக் கொடி தயாரிக்கிறது. அங்கே பெண்கள் வெட்டித் தைக்கும் ஒவ்வொரு கொடியிலும், 24 ஆரங்கள் கொண்ட சக்கரம் துணியின் இரு பக்கமும் பிசகாமல் பொருந்த வேண்டும். அந்த நிதானத்தில் கோடிக்கணக்கில் கொடி தைக்க முடியாது.

ஆனால் அதற்குப் பாலியஸ்டர்தான் தீர்வா? கிழிந்து பழுதான கொடியைத் தனியிடத்தில், மரியாதையோடு, முடிந்தால் எரித்து அப்புறப்படுத்த வேண்டும் என்கிறது அதே கொடி விதி. பருத்தி எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கரும்புகை கக்கி, தரையில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதை மரியாதையான முடிவு என்று எப்படிச் சொல்வது? துணியை மாற்றியவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விசைத்தறிப் பருத்தியோடு நிறுத்தியிருக்கலாம். விலையும் குறைந்திருக்கும், ஈரோடு போன்ற தறி ஊர்களுக்கு வேலையும் கிடைத்திருக்கும். நாடாளுமன்றம், நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், அரசுப் பள்ளி ஆகியவற்றில் ஏறும் கொடி கதரில்தான் இருக்க வேண்டும் என்று இப்போதும் ஓர் ஆணை போடலாம். வாங்குவது அரசு என்பதால் விலையைக் காரணம் காட்ட முடியாது; நூற்பவர்களுக்கும் ஆண்டு முழுக்க வேலை இருக்கும்.